ஐம்பது கேபிக்குள் ஒரு முகம்

அஞ்சு மணிக்கு வேலை விண்ணப்ப வெப்சைட் மூடிவிடும். மணி இப்போதே நாலு இருபது.

வேங்கிக்கால் பிரவுசிங் சென்டரில் கீர்த்தனாவுக்கு முன்னால் ஒரே ஒரு பெரியவர்தான். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த இளவரசன் அவரை விடுவதாகவே இல்லை.

"ஐயா, உங்க பையன் கையெழுத்து பேப்பர் ஓரத்துல வெட்டுப்பட்டிருக்கு. வேற படம் இருந்தா அனுப்பச் சொல்லுங்க."

'இவனை எவன் வேலைக்கு வெச்சான்? ஆமை தோத்துடும்' என்று பல்லைக் கடித்தாள் கீர்த்தனா.

அதற்குள் போன் சிணுங்கியது. தோழி அபிநயா.

"ஏய், அந்த கிளார்க் வேலைக்கு இன்னும் அப்ளை பண்ணலாமாடி?"

"தெரியலடி. முடிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். இருப்பது ஒரே ஒரு இடம். ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தால் ஆகுமா?

நாலரைக்கு அவள் முறை வந்தது.

"போட்டோ ஏறவே மாட்டேங்குதுங்க. வீட்லயே நாலு தடவை போட்டுப் பார்த்துட்டேன்."

"நாலு எம்பி இருக்கு. எப்படி ஏறும்? இருபது கேபிக்கு மேல, ஐம்பது கேபிக்குள்ள கேக்கறாங்க."

"இதோ, ஆப்ல சின்னதாக்கி வெச்சிருக்கேன். இருபத்தோரு கேபி. இதையே போட்டுடுங்க."

இளவரசன் அதைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"ஏறும். ஆனா முகமே தெரியலயே. நாளைக்கு ரிஜெக்ட் பண்ணிட்டா?"

"சார், மணியைப் பாருங்க! ஏறினா போதும்."

"ரெண்டே நிமிஷம். பெரிய படம் போன்ல இருக்கில்ல? அதை அனுப்புங்க."

அவள் முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினாள். முதலில் பின்னால் தெரிந்த சுவர், காலண்டர், துணிக்கொடி எல்லாவற்றையும் வெட்டி எறிந்தான்.

"தேவையில்லாததை வெட்டிட்டாலே பாதி எடை கம்மி ஆயிடும். முகத்தைக் கெடுக்க வேண்டியதில்ல."

பிறகு அகலத்தையும் உயரத்தையும் குறைத்தான். அறுபத்தெட்டு கேபி. தரத்தைத் துளி இறக்கினான். ஐம்பத்து மூணு. இன்னும் துளி. நாற்பத்தாறு.

திரையில் கீர்த்தனா பளிச்சென்று சிரித்தாள். மூக்குத்திகூடத் தெரிந்தது.

போட்டோ ஏறியது. கையெழுத்தும் ஏறியது. அதோடு விட்டானா? பிறந்த தேதியை ஒரு தடவை சரிபார்க்கச் சொன்னான். மாதம் தப்பாக இருந்தது! திருத்திவிட்டு அவளே பட்டனை அழுத்தினாள். நாலு நாற்பது.

மனசு லேசானது. ஆனாலும் கடைசி நேரத்தில் காக்க வைத்ததை அப்படியே விட மனசில்லை. ஒப்புகைச் சீட்டை எடுத்துக்கொண்டு, வாசல் பக்கம் ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்த கடைக்கார சரசு அக்காவிடம் போனாள்.

"அக்கா, உங்க ஆளு வேலை சுத்தம்தான். ஆனா ரொம்ப ஸ்லோ. கொஞ்சம் சொல்லி வைங்க."

"என் ஆளா? சிஸ்டம் பாக்கற பொண்ணு இன்னிக்கு லீவும்மா. இந்தத் தம்பி மத்தியானம் கஸ்டமரா வந்துச்சு. பக்கத்துல யாருக்கோ போட்டோ ஏறலைனு உதவி பண்ணுச்சு. அப்புறம் வந்தவங்க எல்லாம் அதையே புடிச்சுக்கிட்டாங்க."

கீர்த்தனாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

சரசு உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "தம்பி, எல்லாருக்கும் முடிஞ்சுதாப்பா?"

"முடிஞ்சுதுக்கா. இன்னும் கால் மணி நேரம் இருக்கே, இப்போ என்னோடதைப் போட்டுடறேன்."

"அட, நீயும் அப்ளிகேஷன் போடத்தான் வந்தியா? எந்த வேலைக்குப்பா?"

இளவரசன் கீர்த்தனாவைப் பார்த்துச் சிரித்தான்.

"இந்த மேடம் இப்போ போட்டாங்களே, அதே வேலைக்குத்தாங்க்கா."