பல்லில் கடித்த பறி

பறியை வாயிலிருந்து எடுக்கச் சொன்னார்கள்.

மறுபடியும்.

அவள் எடுத்தாள். பனையோலைக் கூடை. அதன் காதைப் பல்லில் கடித்துக்கொண்டால்தான் இரண்டு கையும் தண்ணீருக்கடியில் போகும். இரண்டு கையும் போய்த் துழாவினால்தான் எறா அகப்படும். இதைப் படம் எடுக்க வந்த பெண்ணுக்கு இன்னும் எத்தனை தடவை சொல்வது?

"எறா பிடிச்சுக்கிட்டே பேசுங்கம்மா. அப்பதான் இயல்பா இருக்கும்."

"வாயில பறி இருக்குதே கண்ணு. எத்தால பேசுறது?"

சற்றுத் தள்ளி இடுப்பளவுத் தண்ணீரில் ஓரகத்தி தேசம்மா துழாவிக்கொண்டிருந்தாள். பறியை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"மூக்கால பேசுக்கா. படத்துல புதுசா இருக்கும்."

படமும் வேணாம், பாட்டும் வேணாம் என்று முதலிலேயே கையை விரித்துவிட்டவள். அவள் பறி பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது.

இவள் பறியில் கையளவு எறாகூட இல்லை.

வற்றிய தண்ணீர் இன்னும் கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும். ஏறினால் அன்றைய பிழைப்பு அவ்வளவுதான்.

காலையில் ஒன்று அகப்பட்டது. நல்ல எறா. படம் தெளிவாக விழவில்லையாம். அதைத் தண்ணீரில் விட்டுவிட்டு மறுபடி பிடிக்கச் சொன்னார்கள்.

விட்டாள்.

எறா என்ன மாமன் மகனா, கூப்பிட்டால் திரும்பி வர?

காலுக்கடியில் சேறு இல்லை. சாம்பல். அனல் மின் நிலையத்துக் குழாய் கக்கிய சாம்பல், ஆற்றின் அடிமடி முழுக்க மாவு மாதிரிப் படிந்து கிடக்கிறது. கை விட்டால் புகைபோல எழும்புகிறது. எறா அதில் தங்குவதில்லை.

படம் எடுப்பவர்களுக்கு அந்தச் சாம்பல்தான் வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் கலக்குங்கம்மா."

கலக்கினாள்.

போன படத்திலும் இவள்தான். பள்ளிக்கூடத்து மைதானத்தில் திரை கட்டிப் போட்டார்கள். திரை முழுக்க இவள் முகம். விஷமாப் போச்சு சாமி, எல்லாம் விஷமாப் போச்சு என்று அழுதாள். சனம் கை தட்டியது. அந்தப் படத்துக்குப் பரிசுகூட வந்ததாம்.

அதற்கப்புறம் சந்தையில் ஒருத்தி இவள் கூடையை எட்டிப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"நீதான படத்துல அழுதவ?"

அன்றைக்குக் கூடை இறக்கின மாதிரியே திரும்பி வந்தது. அடுத்த நாளும்.

குழாய் அப்படியே இருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது பஸ் ஏறி வேறு சந்தைக்குப் போகிறாள். முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்கிறாள். ஆத்து எறாவா என்று கேட்டால் கடல் எறா என்கிறாள். அந்த ஒரு சந்தைதான் மிச்சம்.

அதனால்தான் இந்தப் படத்துக்கு மாட்டேன் என்றாள். மீனவர் சங்கத்துக்காரர் விடவில்லை. முகம் வராதும்மா, கை மட்டும்தான், நான் பேசிட்டேன் என்று கூட்டி வந்து விட்டுவிட்டு, டீ குடிக்கப் போனவர் போனவர்தான்.

"ஒரே ஒரு கேள்விம்மா. அப்புறம் உங்கள விட்டுடறோம்."

கேமரா கிட்டத்தில் வந்தது. வெயில் படாமல் அதற்கொரு குடை. அதைப் பிடிக்க ஒரு ஆள்.

"முகம் வராதுன்னாரே."

"சும்மா கொஞ்சம்தாம்மா. சொல்லுங்க, இந்த எறாவ நீங்க வீட்டுல சாப்பிடுவீங்களா?"

தேசம்மா துழாவுவதை நிறுத்திவிட்டாள்.

நேற்று ராத்திரி வைத்த எறாக் குழம்பின் காரம் இன்னும் நாக்கில் இருந்தது.

ஆமாம் என்றால் ஐயோ பாவம் என்பார்கள். மறுபடி கை தட்டுவார்கள். இல்லை என்றால், எந்த முகத்தோடு சந்தையில் கூடையை இறக்குவது?

கேமராவின் கண் அசையாமல் பார்த்தது.

அவள் பறியை எடுத்தாள். காதைப் பல்லில் கடித்தாள். கழுத்தளவுக்கு இறங்கி உட்கார்ந்து, துழாவ ஆரம்பித்தாள்.

"அம்மா..."

துழாவினாள்.

"அம்மா, பதில்?"

பறியைக் காட்டிக் கண்ணை உருட்டினாள். தெரியவில்லையா?

அந்தப் பெண் கேமராக்காரன் தோளைத் தட்டினாள். "போதும், இது போதும். என்ன ஒரு மௌனம்!"

மௌனமாம்.

தண்ணீர் ஏறிவிட்டது. அவள் கரைக்கு வந்து சேலையைப் பிழிந்தாள். பெட்டிகளை மூடி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேன் ஓட்டி வந்தவன் மட்டும் பிளாஸ்டிக் பையோடு பக்கத்தில் வந்தான். ஒல்லியான ஆள். தோளில் துண்டு.

"அக்கா, இருக்குற எறாவ எனக்குப் போடுறியா? வூட்டுல கேட்டுக்கினே இருக்குது."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்கதான நின்ன? எல்லாத்தையும் கேட்டுக்கினுதான இருந்த? இது ஆத்து எறா."

"தெரியும்க்கா."

"சாம்பல்ல கெடந்த எறா."

"எங்க வூடு அந்தக் குழாய்க்கு அந்தாண்டதான்."

அவள் பறிக்குள் கையை விட்டாள்.

வேன் பக்கத்திலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"அத எடு, அத எடு! சீக்கிரம்!"

பெட்டி திறந்தது. கேமரா மணலில் ஓடி வந்தது.

அவன் சட்டென்று தோள் துண்டை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டான். பையை மட்டும் நீட்டியபடி நின்றான்.

அவள் பறியைப் பல்லில் கடித்தாள். முந்தானையை இழுத்து முக்காடு போட்டாள்.

பிறகு, இருந்த எறாவை இரண்டு கையாலும் அள்ளி அவன் பையில் போட்டாள்.