இழுப்பு

"நாய்க்கு இழுப்பாம்லே. டாக்டரே போன்ல சொல்லிட்டாரு. மூச்சு நோய வீட்டுல வச்சு என்ன செய்ய? விலைக்குக் கேட்ட கொடைக்கானல்காரனுக்கே குடுத்துரு" என்று மகன் ஜெயகணேஷிடம் முடிவாகச் சொன்னாள் முப்பிடாதி.

மருமகள் இசக்கிசெல்வி நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். நீலக்கண் துரை அவள் மடியில் தலைவைத்துக் கிடந்தான். பனிநாட்டுச் சாதி நாய். ஜெயகணேஷ் ஆசைப்பட்டு வாங்கி வந்தது. கதவைப் பிராண்டி, சோபாவைக் கிழித்து, ஊளையிட்டே தெருவைப் பகைத்துக்கொண்டான். ஆனாலும் பகல் முழுக்க அவளுக்குப் பேச்சுத்துணை அவன்தான்.

மனசு கேட்காமல் டாக்டருக்கு அவளே போன் போட்டாள். அவர் சிரித்துவிட்டார்.

"நான் சொன்னது மூச்சிழுப்பு இல்லம்மா. பனியில வண்டி இழுத்த சாதி அது. ஓடுனா மட்டும் பத்தாது, தினமும் வெயில் ஏறுமுன்ன எதையாவது இழுக்கணும். அது இல்லாமத்தான் வீட்டைப் பிய்க்குது."

ஜெயகணேஷுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட். முப்பிடாதிக்கு மூட்டுவலி. இந்தக் குதிரையோடு யார் ஓடுவது என்று அவள் அலுத்துக்கொண்டாள்.

"நான் போறேன் அத்தே."

ஜெயகணேஷ் இசக்கிசெல்வியையே பார்த்தான். மறுநாள் துரைக்குக் கயிறும் அகலமான தோள்பட்டை வாரும் வாங்கி வந்தான்.

விடியலில் உப்பளம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. உப்புக் குவியல்களைப் பார்த்ததும் துரைக்குப் பூர்வீகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூக்கை உயர்த்தி ஒருதரம் கூவினான், அப்புறம் பறந்தான். பாத்தி நீரில் வானம் இறங்கிக் கிடந்தது. தரையில் போகிறோமா, மேகத்தில் போகிறோமா என்று அவளுக்கே விளங்கவில்லை. கூந்தல் அவிழ்ந்து உப்புக்காற்றில் அலைந்தது. இத்தனை வேகம் அவள் கனவில் மட்டும்தான் போயிருக்கிறாள்.

"மெதுவாப் போளா" என்று, அன்று லீவு போட்டுப் பின்னால் சைக்கிளில் வந்த ஜெயகணேஷ் மூச்சுவாங்கினான்.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஞானதீபம் நிமிர்ந்து, எங்கே போகிறாய் என்று கேட்டாள்.

"தெரியலக்கா. துரை கூட்டிட்டுப் போறான்."

வெயில் ஏறுமுன் திரும்பிவிட்டார்கள். துரை வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, மின்விசிறிக்கடியில் சுருண்டு தூங்கினான். அன்று ஊளையே இல்லை.

"கொடைக்கானல்காரன்ட்ட நாய் இல்லன்னு சொல்லிருலே" என்றாள் முப்பிடாதி. பிறகு ஈரத்துணியோடு குனிந்து, மருமகளின் சக்கர நாற்காலியில் அப்பியிருந்த உப்பை ஒவ்வொரு சக்கரமாகத் துடைக்கத் தொடங்கினாள்.