நீலகேது திருந்திய கதை

"சார், நீலகேது மறுபடியும் கப்பலைக் கவுக்கணும். பழைய கோபம், பழைய முடி, எல்லாம் வேணும்" என்றான் யஸ்வந்த் போனில். திருப்பதியில் காமிக்ஸ் பதிப்பகம் நடத்துகிறவன். நீலகேதுவை வண்ணப் புத்தகமாகக் கொண்டுவரப் போகிறானாம்.

சித்தூரில் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் நாராயணசாமிக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. நீலகேது அவர் படைத்த கடலடி ராஜா. பாதி மனிதன், பாதி மீன், முழுக் கோபக்காரன். கடலைக் கெடுக்கிறார்கள் என்று மாதம் ஒரு கப்பலை மூழ்கடிப்பான். நல்லவனா கெட்டவனா என்று வாசகர்கள் அடித்துக்கொள்வார்கள். அது எண்பதுகளில்.

தொண்ணூறுகளில் அவனே திடீரென்று மொட்டைத் தலையோடு வந்து, மூழ்கும் கப்பல்களைக் காப்பாற்ற ஆரம்பித்தான். அப்புறம் முடி வளர்ந்தது, கூடவே தொப்பையும். சிம்மாசனத்தை விட்டு இறங்காமல் மீன்களுக்குப் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தான். அதோடு அவன் கதை வந்துகொண்டிருந்த பத்திரிகையும் நின்றுபோனது.

அந்த மொட்டையைப் பற்றி யஸ்வந்த் ஏற்கெனவே முன்னுரை எழுதிவிட்டான். 'ஒரு கலைஞனின் ஆன்மிகப் பயணம்' என்று தலைப்பு. சரியா சார் என்று கேட்டான்.

"கலைஞன் பக்குவப்பட்டா பாத்திரமும் பக்குவப்படும் தம்பி" என்றார் நாராயணசாமி. போனை வைத்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உண்மை என்னவென்றால், பார்க்காமல் ஒரு முகத்தைக்கூட அவருக்கு வரைய வராது. பழைய படத்தைப் பார்த்து வரைந்தாலோ பொம்மை மாதிரி இருக்கும். அதனால் சுவர்க் கண்ணாடி முன் நின்று முறைத்து, அந்த முகத்தையே நீலகேதுவுக்கு ஒட்டவைப்பார். நடுவில் சில காலம் அவர் மனைவி தாட்சாயணி, ஏழுமலையானுக்கு மொக்கு, அதாவது வேண்டுதல் என்று வருடா வருடம் திருமலைக்கு இழுத்துப்போய் அவருக்கு மொட்டை போட்டாள். மொட்டைத் தலையோடு கண்ணாடியில் முறைத்தால் கோபம் தெரியவில்லை, பசிதான் தெரிந்தது. அந்த மூஞ்சி கப்பலைக் கவிழ்த்தால் யார் நம்புவார்கள்? வேறு வழியில்லாமல் நீலகேது நல்லவனானான். தொப்பையும் கண்ணாடியில் இருந்து வந்ததுதான்.

தன்னுடைய அல்சருக்காகத்தான் இவள் இப்படி வேண்டிக்கொள்கிறாள் என்று நாராயணசாமி அந்த நாட்களில் உருகிப்போவார்.

மற்றபடி தாட்சாயணிக்கு நீலகேதுவைப் பிடிக்காது. "எப்பப் பாத்தாலும் கப்பலையே கவுக்கறானே, ஒரு மாசமாவது பஸ்ஸைக் கவுக்கக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டாள். கடலுக்குள் பஸ் எப்படி வரும் என்று அவர் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் எல்லா வாத்தியாரிடமும் சொல்லிச் சிரித்தார். கலை என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது என்று அவளுக்கு ஒரு வகுப்பும் எடுத்தார்.

இப்போது மறுபடியும் முடி வளர்த்தார். நல்லவேளை, முடி மட்டும் இன்னும் அடர்த்தியாக இருந்தது. சாயம் பூசி, தோள் வரை தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்துத் தொப்பையை உள்ளே இழுத்து முறைத்துப் பழகினார். தெருவில் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும், அறுபது வயதுக்கு மேல் ஒருத்தனுக்கு இப்படி ஒரு வாய்ப்பு எங்கே கிடைக்கும்? ஒருநாள் காலையில் கண்ணாடியில் அந்தப் பழைய கோபம் அப்படியே வந்துவிட்டது. நாளைக்கு முதல் பக்கம் என்று முடிவு செய்தார்.

அன்று மாலைதான் தாட்சாயணி பங்காருபாளையத்தில் இருந்து திரும்பினாள். அங்கே மாந்தோப்பு வைத்திருக்கும் தம்பி முனிரத்தினத்தின் மகனுக்கு வேலை கிடைத்திருந்தது. வழியனுப்பப் போயிருந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம திருமலைக்குப் போறோம். மொக்கு இருக்குது. உங்களுக்கு மொட்டை."

நாராயணசாமி கெஞ்சிப் பார்த்தார். "இந்தப் புஸ்தகம் முடியட்டும். இதான் எனக்குக் கடைசி சான்ஸ். முடி போச்சுன்னா நீலகேது போய்ட்டான்."

சாமி காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவர் அன்று இரவு சாப்பிடாமல் இருந்து பார்த்தார். அதற்கும் அவள் மசியவில்லை. ஏழுமலையானோடு வாதாடி ஜெயித்தவன் சித்தூர் ஜில்லாவிலேயே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை திருமலையில் மொட்டை போடும் கல்யாண கட்டாவில் குனிந்து உட்கார்ந்தார். மாதக்கணக்கில் வளர்த்த கோபம் கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்தது.

வெளியே வந்து செல்போனில் முகத்தைப் பார்த்தார். முறைத்தார். பசிதான் தெரிந்தது. யஸ்வந்துக்குப் போன் செய்து, நீலகேது இந்த முறையும் கப்பலைக் காப்பாற்றத்தான் போகிறான் என்றார். அவனோ மேதைகள் இப்படித்தான் சார் என்று சொல்லி, முன்னுரையில் இன்னொரு பக்கம் சேர்க்கப் போவதாகச் சொன்னான்.

தாட்சாயணி சந்தனத்தைக் குழைத்து அவர் தலையில் தடவிக்கொண்டிருந்தாள்.

"என் அல்சர் ஆறி எத்தினியோ வருசம் ஆச்சு. இப்ப இன்னாத்துக்கு மொக்கு?" என்று கேட்டார்.

"உங்க அல்சருக்கு யாரு வேண்டிக்கினா?" அவள் கை நிற்கவில்லை. "என் தம்பி கப்பல்ல வேல பாத்துக்கினு இருந்தான், நீங்க இங்க உக்காந்து மாசா மாசம் கப்பலைக் கவுத்துக்கினு இருந்தீங்க. கடல்லருந்து அவனைப் பெருமாள் காப்பாத்துவார். உங்க கையிலருந்து யாரு காப்பாத்தறது? அதான் மொட்டை."

நாராயணசாமி சந்தனத் தலையோடு அவள் பக்கம் திரும்பினார். "அவன்தான் எப்பவோ ஊரோட வந்துட்டானே" என்றார்.

"அவன் வந்துட்டான். அவன் பையன் இப்பதான் கப்பல் ஏறியிருக்கான்."