நிமிடத்துக்குப் பதினாறு

ஏவி மூன்று வாரம் கழித்து, புற ஊதாத் தொலைநோக்கியின் மூடியை விண்வெளியில் திறந்தார்கள். ஒளி மாறாத ஒரு நட்சத்திரத்தை வைத்து அதன் கண்ணாடியைச் சோதிப்பது பெங்களூர்க் கட்டுப்பாட்டு அறையில் ஆரோக்கியமேரியின் வேலை. முதல் நாளே வெளிச்சம் லேசாக மங்கியது, உடனே தெளிந்தது. மறுபடியும் மங்கியது. நிமிடத்துக்குப் பதினாறு முறை.

"கண்ணாடியில அழுக்கு படிஞ்சிருக்குமா, மேடம்?" என்றான் பக்கத்து இருக்கை பரத்.

"படிஞ்சா போகாதுப்பா. இது வந்து வந்து போவுது. யாரோ கிட்ட நின்னு மூச்சு விடுற மாதிரி."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தங்கவயல் சுரங்கத்தில் நுரையீரலைப் பறிகொடுத்த அப்பாவின் அருகில் உட்கார்ந்து, அவருடைய கடைசி வாரம் முழுவதும் அவள் இப்படித்தான் மூச்சுகளை எண்ணியிருந்தாள்.

புதன்கிழமை அது பன்னிரண்டானது. வியாழக்கிழமை ஏழு. கோளாறு குறைந்து வருவதாக அறிக்கை எழுதச் சொன்னார்கள், எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடக் கிளம்பும் நேரத்தில், வெளிச்சம் ஒருமுறை ஆழமாக மங்கி மெல்லத் தெளிந்தது. அதன்பின் மங்கவேயில்லை. திரையில் கோடு நேராக ஓடியது.

"சரியாயிடுச்சு, மேடம்!" என்று பரத் கத்தினான். அறையே கைதட்டியது.

ஆரோக்கியமேரி எழுந்து தலைகுனிந்து நின்றாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.