சுவரோரம் ஒரு வூஃபர்

வேலையிலிருந்து திரும்பிய மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஹாலில் அவள் கணவன் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு காதைத் தரைக்குக் கொடுத்தபடி தவழ்ந்துகொண்டிருந்தான்.

“என்னத்தத் தொலைச்சீங்க?”

“பேஸ் தேடறேன், அந்த அடிக்குரல் அதிர்வை” என்றான், தலையைத் தூக்காமலே.

சோபாவில் அவன் வழக்கமாகச் சாய்ந்திருக்கும் இடத்தில் ஒரு கறுப்பு மரப்பெட்டி உட்கார்ந்து உறுமிக்கொண்டிருந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். சினிமாவில் குண்டு வெடித்தால் அது நெஞ்சுக்குள் இறங்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. அதற்கென்றே இருக்கிற சப்-வூஃபரைக் கடையில் விலை கேட்டவன், வந்த வழியே திரும்பி வந்து தானே செய்ய இறங்கிவிட்டான்.

பழைய சாமான் கடையில் கிடைத்த கார் ஸ்பீக்கர், தச்சரிடம் கெஞ்சி வாங்கிய ப்ளைவுட் துண்டுகள், யாரோ வேண்டாம் என்று போட்ட ஆம்ப்ளிஃபயர். பெட்டி என்னவோ பிரமாதமாக அமைந்துவிட்டது. ஹால்தான் கழுத்தறுத்தது.

ஒரு பக்கச் சுவர் கோணல். இன்னொரு பக்கம் மாடிப்படியின் வயிறு தலையில் இடிக்கும். மிச்சமிருந்த மூலைகளில் கதவுகள். பெட்டியை எங்கே வைத்தாலும் அதிர்வு சோபாவுக்கு வராமல் பாத்ரூம் வாசலில் போய்க் கூடி நின்றது.

இதற்கு ஒரு வழி உண்டு. நாம் உட்காரும் இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு, நாம் தரையில் தவழ வேண்டும். எந்த இடத்தில் சத்தம் முழுசாகக் கேட்கிறதோ, அதுதான் பெட்டிக்கான இடம்.

அவன் தவழ்ந்து தவழ்ந்து கடைசியில் முட்டி நின்றது பக்கத்து டிரைவர் அண்ணன் வீட்டோடு ஒட்டிய பொதுச்சுவரில். மனைவிக்கு முகம் மாறிவிட்டது. அவளுக்கு ஆபரேஷன் நடந்தபோது அந்த வீட்டு அக்காதான் இவர்களுக்கும் சேர்த்துச் சமைத்துப் போட்டவர்.

“அக்கா வீட்டுல இருந்து ஒரு முணுமுணுப்பு வந்துது, பெட்டி பழைய சாமான் கடைக்கே திரும்பிப் போயிடும். பாத்துக்குங்க.”

எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பழைய ரப்பர் செருப்பை நறுக்கிப் பெட்டிக்கு அடியில் ஒட்டினான். இனி எறும்புக்குக்கூடக் கேட்காது என்று சத்தியம் செய்யாத குறை.

அன்று மாலையே ஒரு சண்டைப் படம் போட்டான். ஹெலிகாப்டர் வந்ததுதான் தாமதம், சமையலறை ஸ்டாண்டில் தட்டுகள் கடகடவென்று ஆடின. மனைவி கரண்டியோடு ஓடி வந்து, என்ன இது, தட்டெல்லாம் ஆடுதே என்றாள்.

புதுப்பெட்டி பறிபோய்விடும் என்கிற பயத்தில் வாய் முந்திக்கொண்டது. “பக்கத்து வீட்டு வாஷிங் மெஷினா இருக்கும். பழசு இல்லையா, கடைசியில சுத்தறப்போ அப்படித்தான்.”

அப்படியா என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். அவனுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. அதற்குள் ஹெலிகாப்டர் திரும்ப வந்துவிட்டதால் மறந்துபோனான்.

அவனுக்கு வாரநாளில்தான் லீவு. மனைவி வேலைக்குக் கிளம்பியதும் பெட்டியும் அவனும்தான். அப்படி ஒரு காலையில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தொம், தொம் என்று அடி விழுந்தது. பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தான். அடி நிற்கவில்லை. அணைத்தே விட்டான். அப்போதும் நிற்கவில்லை.

இன்னொரு நாள் பெட்டியைத் தொடக்கூட இல்லை, ஷேவிங் செய்துகொண்டிருந்தான். அன்றும் தொம், தொம். அன்றைய கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். வாய் திறந்து ஒரு வார்த்தை திட்டாமல் சுவரை மட்டும் அடிக்கிறார்களே, அதுதான் அவனை அறுத்தது.

வாசலில் அக்காவைப் பார்த்தபோது மிச்சமிருந்த தைரியமும் போயிற்று. எப்போதும் நின்று நாலு வார்த்தை பேசுகிறவர், அன்று தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். வலது மணிக்கட்டில் பட்டையாகக் கட்டு. இவன் வீட்டுச் சுவரை அடித்து அடித்தே கையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். அன்று அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆபரேஷன் சமயத்தில் சுடச்சுடக் கொண்டு வந்து வைத்த கை அது.

அடுத்த லீவு நாளில் ஒயர்களைப் பிடுங்கினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். பெட்டியை அவர்களிடம் காட்டி, பழைய சாமான் கடையில் போடப் போவதாகச் சொல்லி, காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு.

கதவைத் திறந்த டிரைவர் அண்ணனுக்கு இவனைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

“அண்ணே, அந்தச் சத்தம்...” என்று ஆரம்பித்தான்.

“தெரியும் தம்பி. எங்களுக்கே உங்க மூஞ்சில முழிக்க வெக்கமா இருக்கு” என்றார் அவர். “உங்க வீட்டுத் தட்டெல்லாம் ஆடுதுன்னு உங்க வீட்டம்மா அன்னிக்கே பக்குவமா சொன்னாங்க.”

இவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்கட்டிலிருந்து தொம், தொம் என்று கேட்டது. எட்டிப் பார்த்தான். பொதுச்சுவரை ஒட்டிக் கிடந்த கல்லில் ஈரப் போர்வையை இடது கையால் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார் அக்கா.

பெட்டி அவன் கையில் கனத்தது. டிரைவர் அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“அதுக்காகத்தானே தம்பி வாஷிங் மெஷினையே வித்தோம்... இன்னுமா ஆடுது?”