தற்காப்பு வகுப்பு

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. கேன்டீன் மேசைகளை ஒதுக்கிவிட்டு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். மகளிர் தினத்துக்காகத் தற்காப்பு சொல்லித்தர, கம்பிக்கூண்டுக்குள் இறங்கி மோதிப் பேரெடுத்த எம்.எம்.ஏ. வீராங்கனை சுசித்ரா வந்திருந்தாள். அவளுடைய இடது கண் வீங்கிக் கறுத்திருந்தது.

“பாருங்கம்மா, எவ்ளோ அடி வாங்கினாலும் அசராத பொண்ணு!” என்றார் மேனேஜர்.

எல்லோரும் கைதட்டினார்கள். சுசித்ராவுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கழுத்தைப் பிடித்தால் எப்படித் திமிறுவது, கையை முறுக்கினால் எப்படி விடுபடுவது என்று காட்டினாள். உடம்பு தன்பாட்டுக்குச் செய்தது.

“அக்கா, இந்தக் காயம் மேட்ச்ல வாங்குனதா?” என்றாள் ஒருத்தி.

“ஆமா.”

“ஜெயிச்சீங்களா?”

“இல்ல.”

வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, பேக்கிங்கில் வேலை செய்யும் பிரவீனா தயங்கித் தயங்கி அருகே வந்தாள்.

“அக்கா, எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு வந்து அடிக்கிறாரு. நீங்க சொல்லித்தந்தது அவருகிட்ட எடுபடுமா?”

“எடுபடும். பயந்துடக் கூடாது, அவ்ளோதான்.”

யாரோ பேசுவதைப்போலத் தன் குரலைக் கேட்டாள் சுசித்ரா. பிரவீனா அவள் கைகளைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு சுசித்ரா ஒருமுறைகூடக் கூண்டுக்குள் இறங்கியதில்லை என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

வாசலில் கணவன் பைக்கோடு நின்றிருந்தான். “எவ்ளோ நேரம்டீ?” என்றபடி, அவளிடம் கொடுப்பதற்காக ஹெல்மெட்டைத் தூக்கினான்.

சுசித்ராவின் இரண்டு கைகளும் தாமாகவே எழுந்து முகத்தை மறைத்துக்கொண்டன.