காத்திருப்பு: பூஜ்யம்

கண்ணாடிக் கதவை மறுபடி ஓங்கித் தட்டினேன். உள்ளே நின்ற நர்ஸ் அசையவில்லை.

கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். நான் தள்ளித் திறந்துவிடுவேனாம், பயம்!

“கல்நெஞ்சக்காரி!” என்று கத்தினேன். கேட்டிருக்கும். கேட்கட்டும்.

என் ஆம்புலன்ஸின் பின்பக்கம் அந்த வாசலைப் பார்த்துத் திறந்து கிடந்தது. ஸ்ட்ரெச்சரில் ஓர் அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் சிலிண்டரின் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. இனி கொஞ்ச நேரம்தான்.

வாசலுக்கு மேலே பளபளவென்று பலகை. ‘காத்திருப்பு நேரம்: பூஜ்யம். சிறந்த மருத்துவமனை, முதல் பரிசு.’

பூஜ்யமாகத்தானே இருக்கும்! நோயாளி இந்தக் கதவைத் தாண்டினால்தான் இவர்கள் கணக்கில் கடிகாரமே ஓடும். அதனால் கட்டில் காலியாகிறவரை கதவு திறக்காது. வண்டிக்குள் கிடப்பவர் காத்திருப்பதாகவே கணக்கில்லை. நல்ல கணக்குடா சாமி.

போன வாரம் ஒருத்தி மனசு கேட்காமல் திறந்துவிட்டாளாம். மறுநாளே வேலை போய்விட்டது. அதற்காக? ஓர் உயிர் போவதைக் கண்ணாடி வழியாக வேடிக்கை பார்ப்பதா?

வேறு ஆஸ்பத்திரிக்குத் திருப்பலாம் என்றால் அதுவரை சிலிண்டர் தாங்காது. வசமாக மாட்டிக்கொண்டோம்.

ஏற்றும்போதே இந்த அம்மா, அந்த ஆஸ்பத்திரி மட்டும் வேண்டாம் என்று அடம்பிடித்தார். கிட்டத்தில் இருப்பது இது ஒன்றுதான், பேசாமல் வாங்கம்மா என்று நான்தான் அதட்டி ஏற்றினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் கை மேலே எழுந்து எழுந்து விழுந்தது. காற்றுக்குத் தவிக்கிறார் என்று ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். வெடுக்கென்று உதறிவிட்டு மறுபடி ஆட்டினார், கதவைப் பார்த்து. வேண்டாம், வேண்டாம் என்பது போல.

பிறகு முகத்திலிருந்த மாஸ்க்கை விலக்கினார்.

“அவளத் திட்டாதப்பா. தொறந்தா வேலை போயிடும். ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போவா எம்பொண்ணு?”

திரும்பிப் பார்த்தேன்.

நர்ஸ் என்னைப் பார்க்கவே இல்லை. இங்கே அம்மாவின் கை ஆட ஆட, அங்கே கதவுப்பிடி கொஞ்சம் இறங்குவதும், பழையபடி ஏறுவதுமாக இருந்தது.